ரெண்டு மார்க் கேள்வியும் ஒரு பொட்டலம் நவச்சாரமும்

சாப்பாட்டு உப்பும் அம்மோனியம் குளோரைடும் கலந்து இருந்தா எப்படிப் பிரிப்பேன்னு நம்ம ஊர்ல ஒம்பதாவது தாண்டின எந்தப் புள்ளைய தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பதங்கமாதல் (சூடாக்கினா உருகாம நேரா ஆவியாகி, குளிர்ந்ததும் திரும்பப் படியுறது)னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கும். ஒரு பீங்கான் கிண்ணம், மேல கவுத்து வெச்ச புனல், புனல் காம்புல பஞ்சு, கீழ பர்னர், படம் போட்டு பேர் குறிச்சா ரெண்டு மார்க், முடிஞ்சுது. எனக்கு இந்த விடை மேல ரொம்ப நாளாவே ஒரு கடுப்பு உண்டு. தப்புன்னு சொல்ல வரல, வகுப்புல ஒரு சிட்டிகை எடுத்துச் செஞ்சு காட்ட நல்ல விடைதான், ஆனா நெசமாவே ஒரு கிலோ கலவையக் கையில குடுத்து பிரிச்சுக் குடுப்பான்னா வெவரம் தெரிஞ்ச ஒருத்தரும் இப்படிச் செய்யமாட்டாங்க. சூடு காட்டிப் பிரிக்கிறது வாத்தியார் வழி, குளிர வெச்சுப் பிரிக்கிறதுதான் வேலைக்காரன் வழி. இந்தப் பதிவு பூராவும் அதைப் பத்தித்தான்.

இந்த அம்மோனியம் குளோரைடு நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துக்கு அந்நியச் சரக்கு இல்ல. நவச்சாரம்னா பெரியவங்களுக்குத் தெரியும், நாட்டு மருந்துக் கடையில கிடைக்கும், ஈயம் பூசுறவர் பையில எப்பவும் இருக்கும். பெரிய வீடுகள்ல மூணாங்கட்டு சாமான் அறையத் தெறந்தா அண்டா, தவலை, கங்காளம், குத்துப்போணின்னு பித்தளையும் செம்புமா அடுக்கி இருக்குமே, அதுல புளியோ மோரோ படுற பாத்திரத்துக்கெல்லாம் உள்பக்கம் ஈயம் பூசித்தான் ஆகணும், இல்லாட்டி களிம்பு ஊறி சமையலே விஷமாயிடும். முந்தி தெருவுக்குத் தெரு ஆள் வந்து துருத்தியப் போட்டு உக்காந்துடுவாங்க, இப்ப ஆளத் தேடிப் புடிக்கணும். எங்க வீட்டுல ஒரு கல்யாணத்துக்காக அப்பத்தா காலத்துச் சாமான் எல்லாத்தையும் வெளிய எடுத்தப்ப, சொல்லிச் சொல்லி ஒரு பெரியவரக் கூட்டியாந்தோம். நவச்சாரம் தீந்துபோச்சுன்னு அவர் சொன்னதால டவுன்ல ஒரு கடையில பொடியா ஒரு பொட்டலம் வாங்கியாந்து குடுத்தாச்சு.

அவர் வேலையப் பாக்குறதே ஒரு அழகு. பாத்திரத்த மணல் போட்டுத் தேச்சு, கரி அடுப்பு மேல சாய்ச்சுப் புடிச்சு உருட்டிக்கிட்டே இருப்பார், பதம் வந்ததும் நவச்சாரத்த ஒரு சிட்டிகை வீசுவார், குப்புனு வெள்ளைப் புகை கெளம்பும், அந்தப் புகை அடங்குறதுக்குள்ள ஈயக் கம்பிய ஒரு இழுப்பு இழுத்து பஞ்சால ஒரே சுத்து, கருத்துக் கெடந்த பாத்திரம் உள்ள வெள்ளி மாதிரி ஆயிடும். இந்த ஈயம் காரீயம் இல்ல, வெள்ளீயம், அதாவது டின், 232 டிகிரியிலயே உருகிடும் அதனால பெரிய சூடு தேவையில்ல. ஆனா செம்பு மேல ஆக்சைடு படலம் ஒண்ணு இருந்தா உருகின ஈயம் ஒட்டாம உருண்டு ஓடும், அந்தப் படலத்த அரிச்சு எடுக்கத்தான் நவச்சாரம். சூடுபட்டதும் அதுலேர்ந்து வர்ற ஹைட்ரஜன் குளோரைடு செம்பு ஆக்சைடோட சேந்து செம்பு குளோரைடும் தண்ணி ஆவியுமா மாத்திடும், அடியில சுத்தமான வெறும் செம்பு தெரியும், ஈயம் அதுல கப்புனு புடிச்சுக்கும். சோல்டரிங் பண்றவங்க ப்ளக்ஸ்னு சொல்றாங்களே, இது அந்த வேலைதான்.

அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, நாங்க வாங்கியாந்த பொடிய வீசினதும் புகையோட சேந்து படபடன்னு பொரிஞ்சுது. பெரியவர் கையை நிறுத்திட்டு அப்பத்தாவப் பாத்து, “ஆச்சி, இது சுத்தச் சரக்கு இல்ல, உப்பு கலந்துட்டான்”னாரு. எனக்கு ஆச்சரியம். எந்த லேபுக்கும் போகல, காதாலயே கண்டுபுடிச்சிட்டாரு. யோசிச்சா சரியாத்தான் இருக்கு. கல்லுப்புப் படிகத்துக்குள்ள பொடிப்பொடியா தண்ணி சிறைபட்டு இருக்கும், சூடு ஏறினதும் அது ஆவியாகி படிகத்தையே ஒடைச்சுக்கிட்டு தெறிக்கும். நவச்சாரம் அப்படித் தெறிக்காது, சத்தமில்லாம புகைஞ்சு போயிடும். அவரு குடுத்த இன்னொரு அடையாளம், புகை போன பெறகு பாத்திரத்துல வெள்ளையா சொரசொரன்னு ஏதாச்சும் நின்னா அது உப்பு. உப்பு உருகவே 801 டிகிரி வேணும், கரி அடுப்புக்கு அதெல்லாம் அசையாது. உப்பு நின்ன எடத்துல ஈயம் ஒட்டாது, பொத்தல் பொத்தலாத் தெரியும். எங்க தவலை ஒண்ணுல தெரிஞ்சுது.

சரி, மிச்சப் பொட்டலத்த என்ன பண்றது? அண்ணன் மக பன்னெண்டாவது படிக்கிறா, அவ வாயத் தெறந்ததுமே “பதங்கமாதல் பண்ணிடலாம் சித்தப்பா”ன்னா. அங்கேர்ந்துதான் எங்க சண்டை ஆரம்பிச்சுது.

நான் அவகிட்ட கேட்டது, மேல போறது என்ன? நவச்சாரம்தான்னா. இல்ல. கற்பூரமும் அயோடினும் தானாவே ஆவியாகி தானாவே படியும், மூலக்கூறுக்கு ஒண்ணும் ஆகாது. நவச்சாரம் அப்படி இல்ல, 340 டிகிரிக்குக் கிட்ட போறப்ப அது ரெண்டா ஒடைஞ்சு அம்மோனியாவாவும் ஹைட்ரஜன் குளோரைடாவும் போவுது, மேல புனல்ல குளிர்ச்சி பட்டதும் ரெண்டும் மறுபடி சேந்து வெள்ளையாப் படியுது. ஒரு மோல், அதாவது 53 கிராம் சொச்சம் நவச்சாரம், ஒடைய சுமார் 176 கிலோ ஜூல் தேவைப்படும், கொஞ்ச நஞ்சம் இல்ல. அதாவது நம்ம கண்ணுக்கு ஆவியாகிப் படியுற மாதிரி தெரியுறது உள்ளுக்குள்ள ஒரு வேதிமாற்றமும் அதோட எதிர்மாற்றமும்.

இதுக்குப் பின்னால ஒரு பழைய வழக்கே இருக்கு. ஒரே சூட்டுலயும் அழுத்தத்துலயும் ஒரே கன அளவு எந்த வாயுவ எடுத்தாலும் மூலக்கூறு எண்ணிக்கை ஒண்ணுதான்னு அவகாட்ரோ சொன்னத நம்பலாமா வேண்டாமான்னு 19-ஆம் நூற்றாண்டு நடுவுல வேதியியல்காரங்க அடிச்சுக்கிட்டு இருந்தப்ப, நவச்சார ஆவியோட அடர்த்திய அளந்தா வரவேண்டியதுல பாதிதான் வந்துது. பாத்தீங்களா அவகாட்ரோ கணக்கு ஒதவாதுன்னு ஒரு கட்சி. இல்லப்பா, ஒரு மூலக்கூறு ரெண்டா ஒடைஞ்சிருந்தா பாதிதானே வரும்னு இன்னொரு கட்சி. 1862-ல லெயோபால்ட் ஃபான் பெபால்னு ஒருத்தர் கல்நார்த் தக்கை வெச்ச குழாயில நவச்சாரத்தச் சூடாக்கினார். அம்மோனியா லேசு, மூலக்கூறு எடை 17, ஹைட்ரஜன் குளோரைடு 36.5, அதனால அம்மோனியா கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு வேகமா தக்கைக்குள்ள நுழைஞ்சு அந்தப்பக்கம் போயிடும். அவர் வெச்ச லிட்மஸ் காகிதம் அம்மோனியா போன பக்கம் நீலமாச்சு, அமிலம் மிஞ்சின பக்கம் சிவப்பாச்சு. ரெண்டும் ஒட்டிக்கிட்டே போயிருந்தா ரெண்டு நிறம் எப்படி வரும்? வழக்கு முடிஞ்சுது. இவ்ளோ நல்ல கதைய விட்டுட்டு புனல் படத்துக்கு அம்புக்குறி போடச் சொல்றாங்களேன்னுதான் என் வயித்தெரிச்சல்.

“அதெல்லாம் சரி, என்ன ஆவியா இருந்தா என்ன, மேல சுத்தமா வந்தாச் சரிதானே?”ன்னா அவ. நியாயமான கேள்வி. ஆனா சுத்தமா வராது, அதான் விஷயம். மொத விஷயம், உப்பு பொரியும்னு பெரியவர் காட்டினாரே, அது பொரிஞ்சு தெறிச்சு புனல்லயே போய் ஒட்டிக்கும். ரெண்டாவது, கலவை ரெண்டு விரக்கடை ஒசரம் இருந்தாலே அடியில உள்ளது போயிடும், நடுவுல உப்போட நடுவ மாட்டிக்கிட்டது லேசுல வெளிய வராது, ஒவ்வொரு தடவையும் ஆற வெச்சு கிளறி மறுபடி சூடாக்கணும். மூணாவது, புனல்ல படியாம தப்பிச்ச புகை அறை பூரா பரவும், அதுல அமிலமும் இருக்கு அம்மோனியாவும் இருக்கு, கண்ணு எரிஞ்சு தொண்டை கமறும். அடுப்படியில யாரும் முயற்சி பண்ணிடாதீங்க. ஈயம் பூசுறவங்க தெருவுல, முத்தத்துல, காத்தோட்டமா உக்காந்துதான் வேலை செய்வாங்க, அதுக்குக் காரணம் இருக்கு.

இப்ப நம்ம வழிக்கு வருவோம். 100 கிராம் தண்ணியில சாப்பாட்டு உப்பு 0 டிகிரியில 35.7 கிராம் கரையும், 100 டிகிரியில கொதிக்க வெச்சாலும் 39 கிராம் சொச்சம்தான். சூட்டப் பத்தி அதுக்குக் கவலையே இல்ல. நவச்சாரம் அப்படியா? 0 டிகிரியில 29.4, 20-ல 37.2, 60-ல 55.2, 80-ல 65.6, 100-ல 77.3. ஏன் இந்த வித்தியாசம்னா, கரையுறப்ப நவச்சாரம் மோலுக்கு சுமார் 14.8 கிலோ ஜூல் சூட்ட உறிஞ்சுது, உப்பு 3.9 தான். ஒரு டம்ளர் தண்ணியில ஒரு கை நவச்சாரம் போட்டுக் கலக்கினா டம்ளர் வெளிப்பக்கம் சில்லுனு ஆகி வேர்த்துடும், அவ தொட்டுப் பாத்துட்டுத்தான் நம்பினா. சூட்ட உறிஞ்சிக் கரையுற பண்டத்துக்கு வெளியிலேர்ந்து சூடு குடுத்தா கூடக் கரையும், எடுத்துட்டா வெளிய வந்து விழும், அவ்ளோதான் தத்துவம்.

இந்தக் கணக்குல ஒரு வேடிக்கை. ரெண்டும் கரையுற அளவ சூட்டுக்கு எதிரா கோடாப் போட்டா ரெண்டு கோடும் சுமார் 17 டிகிரி பக்கத்துல வெட்டிக்குது, அதுக்கு மேல நவச்சாரம் அதிகம் கரையும், அதுக்குக் கீழ உப்பு அதிகம் கரையும். காரைக்குடியில மார்கழி விடியக்காலையில கூட 20-க்குக் கீழ போறது அபூர்வம், அதனால நம்ம ஊர் இயற்கைக் குளிர்ல அந்தப் பக்கத்துக்குப் போகவே முடியாது. ப்ரிட்ஜ் வந்ததால பொழைச்சோம்.

செஞ்சது இதுதான். கண்ணாடிப் பாத்திரத்துல (அலுமினியம் கூடவே கூடாது, நவச்சாரத் தண்ணி புளிப்பு, பி.எச். 5 பக்கம் இருக்கும், சூட்டுல அரிச்சுத் தின்னுடும்) பொட்டலத்தக் கொட்டி, சூடு தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி முழுக்கக் கரையுற வரைக்கும் மட்டும். தண்ணி அதிகமாப் போச்சுன்னா அப்பறம் ஒண்ணும் விழாது. மண்ணு தூசியெல்லாம் போக சூட்டோட சூடா வடிகட்டி, தானா ஆற விட்டு, அப்பறம் ப்ரிட்ஜ். கணக்குப்படி 80 டிகிரியிலேர்ந்து 10-க்கு வந்தா 100 கிராம் தண்ணிக்கு 32 கிராம் நவச்சாரம் வெளிய விழணும். உப்பு? அதோட அளவே 38-லேர்ந்து 36-க்குத்தான் எறங்குது, கடைக்காரன் கலந்தது கால்வாசிக்கும் கம்மின்னா உப்பு அந்த வரம்பத் தொடவே தொடாது, அத்தனையும் தண்ணியிலயே நின்னுடும். ரெண்டுக்கும் குளோரைடு பொது, அதனால ஒண்ணா இருக்கறப்ப ஒவ்வொண்ணும் தனியா இருந்ததவிட கம்மியாத்தான் கரையும், அட்டவணை நம்பர அப்படியே போட்டா கணக்கு கொஞ்சம் தப்பும், ஆனா போக்கு மாறாது.

ஆறுறப்ப பக்கத்துலயே உக்காந்து பாக்கணும், மொபைல் பாக்கப் போயிட்டா போச்சு. மொதல்ல மேல்பரப்புல ஒரு சின்ன வெள்ளை முள்ளு. அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் கிளை, கிளைக்குக் கிளை, பெரணி எலை மாதிரி விரிஞ்சு, கனம் தாங்காம பிச்சுக்கிட்டு மெதுவா சுத்திச் சுத்தி அடிக்குப் போகும், அது போன எடத்துல இன்னொண்ணு. கொஞ்ச நேரத்துல பாத்திரத்துக்குள்ள பூரா பனி பெய்யுது. உப்பு இப்படிச் செய்யவே செய்யாது, அது எப்பவும் கட்டம் கட்டமாத்தான் வளரும். ரெண்டுக்கும் உள்கட்டுமானமே வேற, உப்புல ஒவ்வொரு சோடியத்தச் சுத்தியும் 6 குளோரைடு, சாதாரண வெப்பத்துல நவச்சாரத்துல ஒவ்வொரு அம்மோனியத்தச் சுத்தியும் 8. 184 டிகிரிக்கு மேல போனா நவச்சாரமும் உப்பு வடிவத்துக்கு மாறிடும், அது வேற கதை. கட்டுமானம் வேறங்கிறதால ஒரு படிகத்துக்குள்ள இன்னொண்ணு லேசுல எடம் புடிக்காது, நமக்கு அதான் லாபம். ஒட்டிக்கிட்டு வர்றது படிகத்துக்கு வெளிய நனைஞ்சிருக்கிற உப்புத்தண்ணி மட்டும்தான், அத ஐஸ் தண்ணி ரெண்டு ஸ்பூன் ஊத்தி அலசிட்டா போயிடும். அதிகம் ஊத்தினா சரக்கே கரைஞ்சு போயிடும், கையை அடக்கணும்.

சுத்தமாச்சான்னு எப்படிப் பாக்குறது? அப்பத்தா வெத்தலைப் பெட்டியிலேர்ந்து சுண்ணாம்பு எடுத்து நவச்சாரத்தோட சேத்துக் கசக்கி மூக்குல காட்டினாங்க, அம்மோனியா நெடி சுர்ருனு ஏறுச்சு, அவங்க காலத்துல மயக்கம் போட்டவங்களுக்கு அதைத்தான் காட்டுவாங்களாம். ஆனா அது நவச்சாரம் இருக்குன்னு சொல்லும், உப்பு இல்லைன்னு சொல்லாது. தீச்சுடர்ல மஞ்சள் வருதான்னு பாக்கறதும் ஒதவாது, சோடியம் கை வேர்வையில கூட இருக்கு, எதைக் காட்டினாலும் மஞ்சள்தான். நம்பகமான சோதனை பெரியவரோடது, இரும்புக் கரண்டியில ஒரு சிட்டிகை வெச்சு முத்தத்துல சூடு காட்டு, பொரியாம முழுக்கப் போய் கரண்டி வெறுமையா இருக்கணும். இருந்துச்சு. அவ கடைசியில, “அப்ப பதங்கமாதல் சோதனை பண்ணத்தான் லாயக்கு, பிரிக்க இல்ல”ன்னா. நான் ஒத்துக்கிட்டேன்.

சரி கலவையில உப்பு பாதிக்குப் பாதி இருந்தா? அப்ப ஒரு தடவை குளிர வெச்சாப் பத்தாது, மாத்தி மாத்திச் செய்யணும். கொதிக்க வெச்சு வத்தவிட்டா சூட்டுல எடம் இல்லாதது உப்புக்குத்தான், அது அடியில விழும், சூட்டோட வடிச்சு எடுத்துடு. மிச்சத் தண்ணியக் குளிர வை, இப்ப நவச்சாரம் விழும். வடிச்ச தண்ணிய மறுபடி கொதிக்க வை. சூட்டுல உப்பு, குளிர்ல நவச்சாரம், இப்படியே.

இதே குளிர் வித்தையில ஒரு பெரிய தொழிலே ஓடுது, அதுவும் தூரத்துல இல்ல, தூத்துக்குடியில. சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) செய்ய 1861-ல பெல்ஜியத்துல எர்னஸ்ட் சால்வே கண்ட வழியில உப்புத் தண்ணியும் அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் சேத்தா சோடியம் பைகார்பனேட் விழும், அதச் சூடாக்கினா சோடா ஆஷ், மிச்சத் தண்ணியில அம்மோனியம் குளோரைடும் மாறாம போன உப்பும் ஒண்ணாக் கெடக்கும். நம்ம பொட்டலம் கதைதான், டன் கணக்குல. சால்வே அதைப் பிரிக்கவே இல்ல, சுண்ணாம்பு போட்டுச் சூடாக்கி அம்மோனியாவ மட்டும் திரும்ப எடுத்துக்கிட்டார், அப்பத்தா உள்ளங்கையில கசக்குன அதே வினை! குளோரின் பூரா கால்சியம் குளோரைடாப் போயிடும், உப்புலயும் கால்வாசிக்கு மேல வீணு. 1940-கள்ல போர்க்காலத்துச் சீனாவுல, உப்பு வெலை கூடின உள்நாட்டுப் பகுதியில மாட்டிக்கிட்ட ஹௌ டெபாங்ங்கிற வேதிப் பொறியாளருக்கு இந்த வீண் கட்டுப்படியாகல. அவர் என்ன செஞ்சார்னா அந்தத் தண்ணியக் குளிர வெச்சு அதுல இன்னும் உப்பையே அள்ளிப் போட்டார். கேக்க கிறுக்குத்தனமா இருக்கும். ஆனா அந்தக் குளிர்ல உப்புதான் அதிகம் கரையும், குளோரைடு நெரிசல் கூடக் கூட நவச்சாரத்துக்கு எடம் இல்லாம அது வெளிய விழுந்துடும், மிச்சம் உப்புத் தண்ணி, அது அப்படியே அடுத்த சுத்துக்கு. நான் சொன்ன அந்த 17 டிகிரிக்குக் கீழ உள்ள ஒலகத்துலதான் இந்த வித்தை பலிக்கும். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில சோடா ஆஷும் அம்மோனியம் குளோரைடு உரமும் சேந்தே வர்றது இந்த வழியிலதான்.

காரைக்குடிக்காரனா ஒண்ணு சொல்லாம விடமுடியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து, 1948-ல நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல தெறந்த சிக்ரி, மின்வேதியியலுக்குன்னே இருக்குற ஆய்வகம், நம்ம காலேஜ் ரோட்டுல இருக்கு. அந்த மின்வேதியியல் வரலாத்துலயும் நவச்சாரத்துக்குப் பெரிய எடம். 1866-ல லெக்லாஞ்சே செஞ்ச மின்கலத்துல இருந்தது நவச்சாரத் தண்ணிதான், அதையே கூழாக்கி துத்தநாகக் குப்பிக்குள்ள அடைச்சதுதான் நம்ம பழைய டார்ச் பேட்டரி. கரிக்கம்பிக்காக தீந்த பேட்டரியக் கல்லால ஒடைச்ச தலைமுறை நாங்க, கையில ஒட்டின கருப்புப் பசையில நவச்சாரம் இருந்ததுன்னு எவன் சொன்னான் அப்ப.

கடைசியா வாங்குறவங்களுக்கு. பெரியவர் போறப்ப சொன்னது, “தம்பி, பொடி வாங்காதீங்க, கட்டியா வாங்குங்க.” ஆவியாக்கிப் படிய வெச்ச நவச்சாரக் கட்டி நார் நாரா, பாதி கண்ணாடியா, இடிச்சாலும் லேசுல பொடியாகாம இருக்கும். அப்படிப் படிஞ்ச கட்டிக்குள்ள யாராலயும் பெறகு உப்பச் சேக்க முடியாது. (சூட்டு வழிக்கு இந்த ஒரு மரியாதைய நான் குடுத்துத்தான் ஆகணும்.) ஈயம் பூசினதும் பாத்திரத்த வெளிப்பக்கமும் சேத்து நல்லா கழுவி வைங்க, பித்தளைக்கும் அம்மோனியாவுக்கும் ஆகாது. பிரிட்டிஷ் பட்டாளம் இந்தியாவுல குதிரை லாயத்துல அடுக்கி வெச்ச பித்தளைத் தோட்டாக் கூடெல்லாம் மழைக்காலத்துல தானா வெடிப்பு விட்டுச்சு, ஏன்னு 1921 வரைக்கும் புரியல, அப்பறம்தான் குதிரை மூத்திரத்து அம்மோனியான்னு தெரிஞ்சுது.

அப்பறம், வடிச்ச மிச்சத் தண்ணி. அதுல உப்பும் இருக்கு கொஞ்சம் நவச்சாரமும் இருக்கு, சாக்கடையில ஊத்த மனசு வரல. ப்ளீச்சிங் பவுடர் போட்ட கழிவறையில மட்டும் ஊத்திடக் கூடாது, குளோரமின்னு கெட்ட வாயு கெளம்பும். சுத்த நவச்சாரத்துல நூத்துக்கு 26 பங்கு நைட்ரஜன், தென்னைக்குக் குளோரைடும் வேணும், நம்ம ஊர்ல தென்னந்தூர்ல கல்லுப்புப் போடுறது தெரிஞ்சதுதான். நாலஞ்சு வாளித் தண்ணியில கலந்து கொல்லைத் தென்னைக்கு ஊத்தியாச்சு. மல்லியப் பூச்செடிக்கும் கொஞ்சம்னு அவ கிளம்பினா, அப்பத்தா போட்ட சத்தத்துல வாளிய அங்கயே வெச்சுட்டு வந்துட்டா.